'செற்றில்' ஆகியாச்சோ?

தோழர்களே,

போன மாதம் ஸ்காபரோவில் ஒரு கலியாண வீடு. சாப்பாட்டுத் தட்டோடு நின்ற என்னை ஒரு மாமி மறித்துக் கேட்டா: "என்ன தம்பி, செற்றில் ஆகியிட்டீரோ?" "ஓம் மாமி, ஓரளவுக்கு" என்று சொல்லித் தப்பினேன். பிறகுதான் யோசித்தேன், அவ எதைக் கேட்டவ? வேலை நிரந்தரமோ? வீடு வாங்கியாச்சோ? கலியாணம் பேசியாச்சோ? என்ர அம்மா கனடாவுக்கு வந்த புதிதில் இதே கேள்விக்கு ஒரேயொரு அர்த்தம்தான் இருந்ததாம்: அகதிக் கேஸ் சரிவந்திட்டுதோ?

ஆங்கிலத்தில் இது சின்னச் சொல். இருக்கை என்று பொருள்படும் ஒரு பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து வந்தது. உயரமான சாய்வு வைத்த நீள மரவாங்குக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். ஆனால் அந்த ஒரு சொல் செய்யிற வேலையைப் பாருங்கோ. தேத்தண்ணிக்கு அடியில் தூள் படியிறது, புழுதி அடங்கிறது, கடைப் பில்லைக் கட்டுறது, வழக்கைத் தீர்ப்பு வரைக்கும் போகவிடாமல் முடிக்கிறது, கேட்டது கிடைக்காமல் கிடைச்சதோடு சமாளிக்கிறது, ஒரு இடத்தில் குடியிருக்கிறது, இன்னொரு சனத்தின்ர நிலத்தில் போய்க் குடியேறுறது. எல்லாம் செற்றில்தான். தமிழில் படிதல், அடங்குதல், தீர்த்தல், இணங்குதல், குடியமர்தல், குடியேறுதல் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நாங்கள் அதையெல்லாம் விட்டுவிட்டு "செற்றில்" என்று ஒரே வாயில் சொல்லிவிட்டுப் போகிறோம்.

இதைச் சும்மா சொல் ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. கலியாண வீட்டுக்கு அடுத்த கிழமை, பூர்வகுடி மக்களின் நில உரிமை பற்றிய எங்கள் துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கினேன். 'செற்லர்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். "குடியேற்றக்காரர் நிலத்தைப் பறித்தார்கள்" என்று எழுதி, வாசித்துப் பார்க்கச் சொல்லி அம்மாவிடம் கொடுத்தேன். அவ பிறந்தது திருகோணமலைப் பக்கம். வாசித்துவிட்டு, "இது எங்கட ஊரைப் பற்றித்தானே?" என்றா. இல்லையம்மா, கனடாவைப் பற்றி என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டா: "அப்ப இதில நாங்கள் ஆர்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

குடியேற்றம் என்ற சொல்லை எங்கட சனத்துக்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கல்லோயா, கந்தளாய், அல்லை என்று வரிசையாகச் சொல்லுவார்கள். கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது. 1956 இல் அங்கேயே தமிழர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மணலாறு, வெலிஓயா ஆனது. இலங்கைப் பாடப்புத்தகத் தமிழில் காலனி என்பதே 'குடியேற்ற நாடு'தான். மாறாக, சொந்த ஊரில் இருந்து துரத்தப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த சொல் 'மீள்குடியேற்றம்'. 2012 இல் மெனிக் பாம் முகாமை மூடியபோது, கேப்பாப்பிலவுச் சனத்தை அவர்களின்ர காணிக்கு விடாமல் சீனியாமோட்டையில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களின்ர காணியில் ஆமி இருந்தது. அதுக்கும் பெயர் மீள்குடியேற்றம்தான்.

இப்ப கனடாவுக்கு வருவோம். 1872 இல் ஒரு சட்டம் போட்டு, 10 டொலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் என்று மேற்குச் சமவெளி நிலத்தைப் புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் பிரித்துக் கொடுத்தது. அது ஆற்ற நிலம் என்று கேட்கவில்லை. காணி இல்லாத ஏழைச் சனத்தைக் கொண்டுபோய் இருத்தி, அந்தச் சனத்தை வைச்சே எல்லையைத் தள்ளுறது. இந்த வேலை எங்களுக்குத் தெரிஞ்ச வேலை. கல்லோயாவுக்குக் கொண்டுவரப்பட்ட சிங்கள விவசாயிகளில் பலரும் காணி இல்லாதவர்கள்தான். கோபம் அந்த விவசாயியில் மட்டும் நிண்டுவிட்டால், வரைபடம் கீறின அரசு தப்பிவிடும்.

நாங்கள் அப்படி வரவில்லை, உண்மைதான். 1986 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 பேருக்கு ஒருவரும் 160 ஏக்கர் வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. 2010 இல் சன் சீ கப்பலில் வந்த 492 பேரையும் கனடா தடுத்துவைத்தது. அகதியும் அரசு அனுப்பின குடியேறியும் ஒன்றில்லை. அம்மாவிடம் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஸ்காபரோவில் நாங்கள் வாங்கிற வீடுகள், கோயில்கள், கடைகள் எல்லாம் 1923 இன் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகிற நிலத்தில் நிற்கின்றன. அந்த ஒப்பந்தங்களைக் காட்டி ஏழு பூர்வகுடி நாடுகளின் வேட்டை, மீன்பிடி உரிமையைப் பல பத்தாண்டுகள் மறுத்தார்கள். 2018 இல், 95 வருடங்களுக்குப் பிறகு, 111 கோடி டொலரும் மன்னிப்பும் கொடுத்து அரசு வழக்கை முடித்தது. அந்த முடிவில் உரிமையையும் ஏற்றுக்கொண்டது. அந்த முடிவுக்கும் ஆங்கிலத்தில் பெயர் செற்றில்மென்ற். நிலத்தை எடுத்ததுக்கும் அதே சொல், எடுத்த கணக்கை மூடினதுக்கும் அதே சொல். புதிதாக வாற எங்களுக்கு வீடு தேட, வேலை தேட உதவி செய்யிற அலுவலகத்தின்ர பலகையிலும் அதே சொல்.

கணக்கை மூடுகிற இந்தச் செற்றில்மென்றும் எங்களுக்குப் புதிதில்லை. 2017 பெப்ரவரியில் இருந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியில் இருக்கிற காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார், இழப்பீட்டுக் காசை வாங்கிக்கொண்டு பேசாமல் போ என்கிற பேரத்துக்கு இணங்கவில்லை. பிள்ளைக்கு என்ன நடந்தது, ஆர் பொறுப்பு என்றுதான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்கிறது தீர்வு. அரசு நீட்டுகிறது செற்றில்மென்ற். அந்த வித்தியாசம் தெரிந்த நாங்கள், இங்கே பூர்வகுடி மக்கள் "இன்னும் முடியவில்லை" என்று சொன்னால், "அதுதான் காசு குடுத்தாச்சே" என்று சொல்லக்கூடாது. எங்கட வீடுகளில் இதைச் சொல்லுகிறார்கள். நானே கேட்டிருக்கிறேன், மறுத்துப் பேசாமல் இருந்துமிருக்கிறேன்.

ஆகவே என்ர முன்மொழிவு சின்னது. எங்கள் தமிழ்ப் பிரசுரங்களில் 'செற்றில்', 'செற்லர்' என்று எழுதிவிட்டுப் போகவேண்டாம். குடிவரவு என்றால் குடிவரவு என்றே எழுதுவோம். அரசு சனத்தை வைத்து நிலம் பிடித்தால், எந்த அரசு, எந்த வருடம், ஆற்ற நிலம் என்று சேர்த்து எழுதுவோம். வழக்கு முடிந்தது என்றால், காசு கொடுத்து முடித்ததோ, நீதி கிடைத்து முடிந்ததோ என்று பிரித்து எழுதுவோம். வசனம் கொஞ்சம் நீளும். பரவாயில்லை.

அம்மாவுக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இது: "நாங்கள் பறிச்ச ஆக்கள் இல்லையம்மா. ஆனா பறிச்ச காணியில இருக்கிறம்." அவ ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. "அப்ப அந்தச் சனம் இப்ப எங்க இருக்குது?" என்று கேட்டா. அடுத்த பிரசுரத்தை அந்தக் கேள்வியில் இருந்து தொடங்கலாம் என்று நினைக்கிறேன். கூட்டத்துக்கு வாறபோது உங்கட வீட்டுப் பெரியாக்களிடமும் வாசிச்சுக் காட்டி, அவை என்ன கேட்டவை எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ.

தோழமையுடன்.