மாட்டுக்கு ஆனது நாய்க்கு ஆகுமா?

வங்கியில் 33 வருடம் வேலை பார்த்துவிட்டு, போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் போகிற வழியில் 3 ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். ரசாயனத்தைத் தொடாமல் 9 வருடம் ஆகிறது. பயிரில் நான் செய்த தப்புகளையெல்லாம் மண் பொறுத்துக்கொண்டது. போன வருடம் செய்த ஒரு தப்பை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது என் தோட்டத்து நாய்க்குச் செய்தது.

கருப்பன், கோம்பைக் கலப்பு. ஐப்பசி மழை விட்ட சமயம், முன்னங்காலில் ஒரே இடத்தை நக்க ஆரம்பித்தான். ராத்திரி எந்நேரம் எழுந்தாலும் அந்த நக்கல் சத்தம். "நாய் எச்சிலே மருந்துதான் சார், விடுங்க" என்றார் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். நானும் விட்டேன். இரண்டு வாரத்தில் முடி போய், தோல் தடித்து, எட்டணா அளவுக்குப் புண் சிவந்து நின்றது.

அப்போது மாட்டுக் கொட்டகையில் ஒரு பாட்டில் எண்ணெய் இருந்தது. நம்மில் பலரும் காய்ச்சி வைத்திருக்கும் எண்ணெய்தான். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி தலா ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து அரை லிட்டர் நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ காய்ச்சுவது. தஞ்சாவூரில் மரபுசார் கால்நடை மூலிகை மருத்துவத்துக்காக உழைத்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி இது போன்ற மருந்துகளைத் தமிழ்நாடெங்கும் பரப்பினார். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் இவற்றைப் பால் உற்பத்தியாளர்களிடம் கொண்டு போனது. கோமாரி வந்த என் பசுவின் குளம்புப் புண் இதில்தான் ஆறியது. அந்த நம்பிக்கையில் கருப்பன் காலில் தாராளமாகத் தடவினேன். ஒரு நாளைக்கு மூன்று வேளை.

அவன் ஒரு சொட்டு விடாமல் நக்கினான். நாலாம் நாள் வாந்தி. சோறு வேண்டாம் என்று சுருண்டு படுத்தான். டவுனில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மருந்துப் பட்டியலைக் கேட்டவர் பூண்டில் நிறுத்திவிட்டார். "சார், மாடு குளம்பை நக்கி இவ்வளவு எண்ணெய் குடிக்குமா? இவன் குடிச்சிருக்கான்."

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். தின்ற அன்றே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், சோர்வு தட்டும், சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். கருப்பனுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

இதிலிருந்து நான் சொல்ல வருவது மூலிகை வேண்டாம் என்பதல்ல. ஒரு பிராணிக்கு என்று வகுத்த மருந்தை இன்னொன்றுக்கு மாற்றுகிறபோது நிதானம் வேண்டும் என்பதுதான். நக்குகிற பிராணிக்குப் பூசுவதெல்லாம் உள்மருந்து. எதை அதன் வாயில் ஊட்ட மாட்டோமோ, அதை அதன் தோலில் தடவக் கூடாது. புழுப் புண்ணுக்கு மாட்டில் வைக்கும் கற்பூர எண்ணெயும் அப்படித்தான். நாய்க்குக் கற்பூரம் விஷம். கற்றாழைச் சோறு நல்லது. அதன் மஞ்சள் பால் வயிற்றைப் பிடுங்கும், கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். கழிவு ஆயிலும் மண்ணெண்ணெயும் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, நிறுத்துங்கள்.

முதலில் ஏன் நக்குகிறது?

வங்கியில் கடன் மனு வந்தால் ஆளையும் நிலத்தையும் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். புண்ணுக்கும் அதே விதிதான். நக்குவது நோயல்ல, அறிகுறி. உண்ணியா, தெள்ளுப்பூச்சியா, சொறியா, படையா, விரலிடுக்கில் முள்ளா, மூட்டு வலியா என்று பார்க்க வேண்டும். சொறியும் படையும் மனிதருக்கும் ஒட்டும். தோலைச் சுரண்டிப் பார்க்கும் சோதனை ஐந்து நிமிட வேலை.

மலையில் இன்னொன்றும் உண்டு. ஏலத்தோட்டத்தில் செதில்பேனுக்கும் தண்டு துளைப்பானுக்கும் மருந்து மேல் மருந்து அடிக்கிறார்கள். அழுகல் நோய்க்குப் போர்டோ கலவை. அடித்த செடிக்குள் புகுந்து வரும் நாய் ராத்திரி பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது. நம் தோட்டம் இயற்கைத் தோட்டம்தான். நாய்க்கு வேலி தெரியாது. மேலே போய் வந்தால் காலைத் தண்ணீரில் அலசித் துடைப்பதை வழக்கமாக்குங்கள்.

கருப்பனுக்கு இதில் எதுவும் இல்லை. மருத்துவர் கடைசியாகக் கேட்டார்: "பகல்ல கட்டித்தானே போடுறீங்க?" காய் பறிக்க ஆட்கள் வருகிறார்களே என்று நாலு மாதமாக, நாலடிச் சங்கிலியில் பகல் முழுக்கக் கட்டி வைத்திருந்தேன். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம். செய்ய வேலை இல்லாமல் தன் காலையே தின்றிருக்கிறான்.

பிறகு செய்தது இதுதான். புண்ணைச் சுற்றி முடியை வெட்டினோம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு போட்டுக் காலையும் மாலையும் கழுவினோம்; ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேப்பிலை கொதித்த தண்ணீர். ஈரம் ஒற்றியெடுத்து, மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெயை மிக மெல்லிசாகத் தொட்டோம். பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, ஓரத்துக்குத் துணி கட்டி, கழுத்துக்கு மாட்டினோம். எல்லா மருந்திலும் பெரிய மருந்து அந்த வாளிதான். நக்காத புண் ஆறும். தோல் தடித்த இடத்தில் ஆழத்தில் சீழ் இருந்ததால் மருத்துவர் சில வாரத்துக்கு மாத்திரையும் கொடுத்தார். ஆங்கில மருந்து என்று முகம் சுளிக்காமல் கொடுத்தேன். சங்கிலி போய், காலையும் மாலையும் கொட்டகுடி ஆற்றங்கரை வரை நடை வந்தது.

ஏழு வாரத்தில் புண் மூடியது. முடி இன்னும் முழுதாக வரவில்லை. காய் பறிப்பில் இரண்டு நாள் கட்டிப்போட்டால் அதே இடத்தை முகர்ந்து பார்க்கிறான். அது எனக்கு எச்சரிக்கை மணி.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கடிபட்ட இடத்தையே நக்கிக் கடிப்பது வெறிநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். தடுப்பூசி போடாத நாய், குணம் மாறி, எச்சில் வடிய இருந்தால் பச்சிலையோடு கிட்டே போகாதீர்கள். அதன் எச்சில் உங்கள் கைக்கீறலில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே வைத்தியம் பார்க்க நம்மிடம் இலை இல்லை. வருடா வருடம் நாய்க்கு ஊசி போடுவது இயற்கை விவசாயத்துக்கு விரோதமில்லை.

மண்ணுக்கு இடுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். வாசலில் காவல் கிடக்கும் உயிருக்கும் அதே நியாயத்தைச் செய்வோம். இன்று சாயங்காலம் உங்கள் நாயின் நாலு காலையும் தூக்கி ஒரு தடவை பாருங்கள். சங்கிலி எத்தனை அடி என்றும் அளந்து பாருங்கள்.