அசல் உதிரிபாகம்: முத்திரையா, தரமா?

புதுடெல்லி: காரின் உதிரிபாகங்களை யார் விற்பது, யார் பொருத்துவது என்பதை முடிவு செய்யும் உரிமை யாருடையது? மாருதி, டாடா, மகிந்திரா உள்ளிட்ட 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் சுமார் ரூ.2,545 கோடி அபராதம் விதித்தது. அசல் பாகங்களும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் அவை தடுத்தன என்பது ஆணையத்தின் முடிவு.

பாகங்களில் பெரும்பாலானவற்றைக் கார் நிறுவனங்கள் தாமே தயாரிப்பதில்லை. வேறு தொழிற்சாலைகளில் வாங்கித் தம் முத்திரையுடன் விற்கின்றன. அத்தொழிற்சாலைகள் வெளிச்சந்தையிலும் விற்கத் தடை கூடாது. வெளியில் பழுதுபார்த்தார் என்பதற்காகவே உத்தரவாதத்தை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது ஆணையம். நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன; நீதிமன்றங்களையும் நாடின.

போலிப் பாகங்கள் உயிருக்கு ஆபத்து என்ற வாதத்தை, பிரேக் விஷயத்தில் அலட்சியப்படுத்த இயலாது. ஆனால் போலி வேறு, வெளிச்சந்தைப் பாகம் வேறு. முன்னது பிறர் பெயரைத் திருடுவது. பின்னது தன் பெயரிலேயே விற்பனைக்கு வருவது.

பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022-ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை குழு அமைத்தது, இணையதளமும் தொடங்கியது. தகவல் தருவது தொடக்கமே. கட்டாயப்படுத்தும் சட்டமும் பாகங்களுக்குத் தரச் சான்றும் சேர்ந்தால்தான், கொச்சி தேவராவின் சிறு பட்டறையானாலும் சென்னை புதுப்பேட்டைக் கடையானாலும் நியாயமான போட்டியில் நிற்க முடியும்.