ரூபின் அம்மாள் மட்டும்தானா?

இருண்ட பொருள் பற்றி எழுதுகிற பலர், வேரா ரூபின் கண்டுபிடித்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த அம்மாளிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இது பாதிக் கதை.

அவரும் ஃபோர்டும் அளந்தது கண்ணுக்குத் தெரியும் ஒளியை. நட்சத்திரங்கள் தேய்ந்துபோகும் இடத்தில் அந்த அளவீடும் நின்றுவிடும். சுருள் மண்டலங்களில் ஹைட்ரஜன் வாயுவோ அதையும் தாண்டி வெகுதூரம் பரவிக் கிடக்கிறது. அது 21 சென்டிமீட்டர் ரேடியோ அலையை வெளியிடும் என்று வான் டி ஹல்ஸ்ட் 1944-லேயே கணக்குப் போட்டுச் சொன்னார். அப்போது ஹாலந்து ஜெர்மானியர் பிடியில்! 1951-ல் அலை சிக்கியது. அது நீள்வதையும் குறுகுவதையும் வைத்து வாயுவின் வேகத்தை அறியலாம்.

சூரியனைச் சுற்றும் புதனின் வேகம் விநாடிக்கு 47 கி.மீ.; தொலைவிலுள்ள நெப்டியூனுக்கு 5 தான். மண்டலங்களிலும் வெளியே போகப் போக வேகம் இப்படிக் குறைய வேண்டும். ஆல்பர்ட் போஸ்மா வெஸ்டர்போர்க்கில் தான் அளந்ததோடு பிறர் அளந்ததையும் சேர்த்து, 25 மண்டலங்களை 1978-ல் தம் ஆய்வேட்டில் வைத்தார். பெரும்பாலானவற்றில் ஒளி தீர்ந்த பிறகும் வேகம் குறையவில்லை. காணாத எடைக்கு இதைவிட வலுவான சாட்சி ஏது?

டச்சுப் பெயர் வாயில் நுழையாது என்பதெல்லாம் ஒரு சாக்கா? எழுத்துக்கூட்டியாவது எழுதுங்கள்.