வடிகட்டியும் பொறுமையும்



நெய்வேலி நகரியத்துச் சகோதரி ஒருவர் எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டு வடிகட்டியில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகவே இறங்குகிறது. கேண்டிலின் அடித்திருகைச் சற்றுத் தளர்த்தினால் விரைவில் நிரம்பும் என்கிறார் அண்டை வீட்டார். செய்யலாமா?"

வேண்டாம் சகோதரி! அவ்வாறு விரைந்து வருவது, இடுக்கின் வழியே தப்பி வரும் அழுக்கு நீரேயாகும்.

டார்சி என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி அளந்து, 1856-ஆம் ஆண்டில் ஒரு விதியை வெளியிட்டார். மேலே நிற்கும் நீரின் உயரம் மிகுந்தால் வேகம் மிகும். மணற்படுகையின் கனம் மிகுந்தால் வேகம் குறையும். மணல் எவ்வளவு நுண்மையோ அவ்வளவு தாமதம்: துகளின் பருமன் பாதியானால், வேகம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகிவிடும். குளிர்ந்த நீர் சற்றே பிசுபிசுப்பு மிக்கது. ஆதலால் சித்திரையைவிட மார்கழியில் மெதுவாக வடியும். அதற்காகக் கொதிநீரை ஊற்றிவிடாதீர்கள், கேண்டில் வெடிக்கக்கூடும்.

எனவே, மேற்பாத்திரத்தை எப்போதும் நிறைத்து வையுங்கள். கேண்டிலின் நுண்துளைகளை வண்டல் அடைத்திருக்கும். சோப்பின்றி, மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவுங்கள். விரிசல் கண்டால் உடனே மாற்றிவிடுங்கள். வடிந்த நீரையும் கொதிக்க வைத்து ஆற்றியே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.

சகோதரி, உங்கள் காலடியிலும் ஒரு மாபெரும் வடிகட்டி இருக்கிறது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மணலின் இடுக்குகளில் நன்னீர் பேரழுத்தத்துடன் தேங்கியுள்ளது. சுரங்கத்திற்குள் அது பீறிட்டு எழாதிருக்க இரவும் பகலும் இறைக்கின்றனர். மண்ணில் விழும் மழை, மணலையும் களியையும் கடந்து அத்துணை ஆழம் சேர நெடுங்காலம் ஆகிறது. அந்த ஆழ்நீரில் ஒரு பகுதி பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை என்று கார்பன் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனை நாமோ நொடிப்பொழுதில் குழாயைத் திறந்து கொட்டிவிடுகிறோம்!

தண்ணீர் பூமிக்குள் வற்றிப்போனால் ஓடும் நீரைக் கொண்டுவருபவர் யார் என்று சிந்திக்கச் சொல்லியே சூரத்துல் முல்க் நிறைவுறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவு நீரால், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரால், ஒளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ். நம் வீட்டில் ஒருவர் ஒளூச் செய்ய எவ்வளவு நீர் செலவாகிறது? இன்று மாலை மஃரிபுக்கு முன், குழாயடியில் ஒரு வாளியை வைத்து அளந்து பாருங்கள்.

வஸ்ஸலாம்.