தெரிஞ்ச மாதிரி பேசுற வாய்

போன மாசம் பந்தல்குடியில் என் அக்கா மகன் செல்போனைக் கொண்டுவந்து முன்னால் நீட்டினான். டீக்கடையில் நாலு பேர் பார்க்கச் சாதிப் பேரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள். புகார் எழுதிக் கையில் வைத்திருக்கிறான். "மாமா, வன்கொடுமைச் சட்டத்துல கேஸ் போட மொதல்ல விசாரணை நடத்தணுமாம், கைது பண்ண எஸ்.பி. அனுமதி வேணுமாம். இது சொல்லுது." இது என்றால் செயற்கை அறிவுச் செயலி. எங்கும் போய்த் தேடிப் பார்க்கவில்லை. மனப்பாடம் ஒப்பித்தது. அவனும் புகாரை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனான்.

சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அதுதான் ஆபத்து. 2018 மார்ச் 20-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. ஏப்ரல் 2 பாரத் பந்த்தில் வடக்கே நம் ஜனங்களின் உயிர் போனது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: வழக்குப் பதிய முன்விசாரணை வேண்டாம், கைதுக்கு அனுமதி வேண்டாம். 2019 அக்டோபரில் நீதிமன்றமே தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ செல்லும் என்றது. உயிரைக் கொடுத்து மாற்றியதை ஒரு செயலி ஒரே வரியில் பழையபடி ஆக்கிவிட்டது.

'எல்லாத்துக்கும் தேடினா நேரமாகும், காசாகும்' என்று சமாதானம் சொல்வார்கள். எல்லாத்துக்கும் தேட வேண்டாமய்யா. இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அது இனி மாறாது. சட்டம் மாறும். நிவாரணத் தொகை மாறும். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி வருசா வருசம் மாறும். சான்றிதழில் எழுதுகிற பேரே மாறியிருக்கு: 2021-ல் ஏழு பிரிவுகள் தேவேந்திரகுல வேளாளர் ஆயின. மாறக்கூடிய எதையும், தப்பாச் சொன்னா ஒருத்தன் வழக்கோ படிப்போ பாழாகும் என்கிற எதையும், பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கணும். கேட்கிறவனுக்கு என்ன நட்டம் என்பதுதான் அளவுகோல். செயலி செய்தவனுக்கு என்ன செலவு என்பதல்ல.

தேடினால் மட்டும் போதாது. அந்த 2018 மார்ச் செய்திகள் இன்னும் வலையில்தான் கிடக்கின்றன. தேதி பார்க்கணும், சட்டத்தின் இன்றைய வாசகத்தைப் பார்க்கணும். ஒண்ணும் கிடைக்கலைன்னா 'நடக்கலை'ன்னு சொல்லிவிடக் கூடாது. நம் தெருவில் நடந்ததில் பாதியை எவனும் எழுதவே இல்லை.

'எனக்குத் தெரியலை, பார்த்துச் சொல்றேன்.' கர்ணமும் சொன்னதில்லை, ஸ்டேஷன் ரைட்டரும் சொன்னதில்லை. தெரிஞ்ச மாதிரி பேசியே நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வரிசையில் இன்னொரு வாய் நமக்கு வேண்டாம்.

மருமகன் புகாரைப் பிரித்து, அடியில் 18ஏ என்று எழுதிக்கொண்டு கிளம்பினான்.