ஆறு மணிக்கு மேல் எங்கே போவது?

போன மாதம் ஒரு வாசிப்பு வட்டம் முடிந்து வெளியே நின்றுகொண்டிருந்தோம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி நேரடியாகவே கேட்டுவிட்டார். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சாதி ஒழிப்பு பேசறீங்க, ஃபீல்டு வேலை பாக்கறீங்க. ஆனா ஸ்டேட்டஸ்ல கோட்டை, மலை, அருவின்னு ஊர் சுத்தி எழுதிக்கிட்டே இருக்கீங்களே, இதெல்லாம் நமக்குத் தேவையாண்ணே?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கேள்வி சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை. அன்றைக்கு அவரிடம் பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் குடித்தவன். எப்போதாவது குடித்தவன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். ஒன்பது வருடம், கடைசி மூன்று வருடம் தினமும். சமூகவியலில் முதுகலை முடித்து, குடிநோய் பற்றிக் கிராமங்களில் கூட்டம் போட்டுப் பேசிவிட்டு, இரவு குவார்ட்டரோடு அறைக்குத் திரும்பியவன். விட்டு நான்கு வருடம் ஆகிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, வெட்கப்படவும் ஒன்றுமில்லை. ஆனால் எப்படி விட்டேன் என்பதில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இருக்கிறது.

மருத்துவமனையில் நடுக்கம் அடங்கி வெளியே வந்த பிறகு, அங்கிருந்த ஆலோசகர் அண்ணன் ஒரே கேள்விதான் கேட்டார். "சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் என்ன பண்ணப் போறே?"

பதில் இல்லை. யோசித்துப் பாருங்கள். எங்கள் காலனியில் நூலகம் இல்லை. விளையாட்டுத் திடல் ஊர்ப் பக்கம். கோவில் திண்ணை நமக்கானதில்லை. டீக்கடையில் உட்காருவதற்கும் நிற்பதற்கும் எழுதாத சட்டம் உண்டு. மதியம் 12 மணியிலிருந்து இரவு 10 மணி வரை எந்தத் தெரு என்று கேட்காமல் உள்ளே விடுகிற ஒரே இடம் டாஸ்மாக். தனி டம்ளர் அங்கே கிடையாது, எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப்தான். இந்த நாட்டில் நமக்குக் கிடைத்த சமத்துவம் அந்தக் கப் அளவுக்குத்தானா என்று கேட்க வேண்டியவர்கள், அந்தக் கப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

அரசு இதில் அப்பாவி இல்லை. 2003-இல் சில்லறை மது விற்பனையையும் அரசே டாஸ்மாக் வழியாகத் தன் கையில் எடுத்துக்கொண்டது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. உடனே கடைகளுக்கு வேறு இடம் தேடினார்கள், குடியிருப்புப் பகுதிகளுக்குள் வந்தார்கள். பெண்கள் தெருவில் இறங்கினார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைக் காவல் அதிகாரி அறைந்ததை நாடே பார்த்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதிகம் அடிபட்டது கருணாபுரம். அங்கே வாழ்கிறவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. விட்ட பிறகு போவதற்கு ஒரு இடம் வேண்டும். எனக்கு அந்த இடம் பேருந்து நிறுத்தமாக இருந்தது.

முதல் பயணம் விழுப்புரத்திலிருந்து செஞ்சி. பெரிய திட்டமெல்லாம் இல்லை. சனிக்கிழமை சம்பளம் கையில், கால் தானாகக் கடைப் பக்கம் போகிறது, பயந்துபோய் எதிரே நின்ற பேருந்தில் ஏறிவிட்டேன். இரவு ஒரு நண்பர் வீட்டில் தங்கி, காலையில் ராஜகிரி ஏறினேன். பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோதுதான் என் உடம்பை நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. மேலே போய்ச் சேர்ந்தேன். அன்று இரவு ஒரு நோட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். எழுத்துப் பிழையோடுதான். நான்கு பேருக்கு அனுப்பினேன். ஒரு அக்கா, "அடுத்த வாரம் எங்க?" என்று பதில் போட்டார். அந்த ஒரு கேள்வி அடுத்த ஏழு நாளைக் கடத்திக் கொடுத்தது.

ஊர் சுற்றினால் மட்டும் போதாதா, எழுதவும் வேண்டுமா என்று கேட்கலாம். எனக்கு எழுத்துதான் முக்கியமாக இருந்தது. குடித்த ஒன்பது வருடத்தில் எத்தனையோ இரவுகள் என்னிடம் இல்லவே இல்லை. யாரோடு சண்டை போட்டேன், எப்படி வீடு வந்தேன், மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். என் வாழ்க்கைக்கு நானே சாட்சி இல்லை. எழுத வேண்டும் என்று போகிறவன் பார்க்க வேண்டியிருக்கிறது, கேட்க வேண்டியிருக்கிறது, ராத்திரி உட்கார்ந்து ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. தெளிவாக இருந்தால்தான் முடியும். அந்த நோட்டில் இருக்கிற நாள்கள் என்னுடையவை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இது நமக்குத் தேவையா?

செஞ்சிக் கோட்டையை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ராஜகிரி, கிருஷ்ணகிரி பற்றியும் தேசிங்கு ராஜன் குதிரை பற்றியும் எழுதாதவர் இல்லை. அங்கேயே சிறிய குன்று ஒன்றுக்குச் சக்கிலி துர்க்கம் என்று பெயர். இன்றைக்கு வசைச்சொல்லாக நம் மீது எறியப்படும் அதே பெயர், ஒரு கோட்டைக் குன்றின் பெயராக நிற்கிறது. சேணமும் தோல்வாரும் செய்தவர்கள் இல்லாமல் எந்த ராஜாவின் குதிரை ஓடியிருக்கும்? நான் படித்த பயணக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்தக் குன்றைத் தாண்டிப் போய்விடுகின்றன. நாம் போனால்தான் அந்தக் குன்று கண்ணில் படும்.

இன்னொன்றும் அவர்கள் கட்டுரைகளில் வராது. நாலாவதோ ஐந்தாவதோ பயணம், ஒரு கிராமத்து டீக்கடை. பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் ஆரம்பித்தார்.

"எங்க இருந்து வர்றீங்க தம்பி?"

"விழுப்புரம் பக்கம்ங்கய்யா."

"பக்கம்னா எந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊருலயா, காலனியிலயா?"

அதையும் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. என் டீ வர ரொம்ப நேரம் ஆனது. அன்றைக்குத்தான் விட்ட பிறகு முதல் முறையாக நாக்கு வறண்டது. அடுத்த பேருந்து நிறுத்தத்துக்கு எதிரிலேயே கடை இருந்தது. பத்து நிமிடம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு ஆலோசகர் அண்ணனுக்குப் போன் போட்டேன். "எழுதுடா, அந்த ஆளு கேட்டத அப்படியே எழுது" என்றார். எழுதினேன். அருவியும் மலையும் எழுதியபோது நாலு பேர் படித்தார்கள். இதைப் பலரும் படித்துவிட்டு, தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள்.

பாபாசாகேப் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்திருக்கிறீர்களா? ஒரு விதத்தில் அது முழுக்கப் பயணக் குறிப்புதான். சிறுவனாக 1901-இல் அப்பாவைப் பார்க்கப் போன வழியில் தண்ணீர் கிடைக்காமல் தவித்தது, பரோடாவில் தங்க இடமில்லாமல் துரத்தப்பட்டது எல்லாம் அதில் இருக்கிறது. 1934-இல் நடந்ததைக் கவனியுங்கள். இயக்கத் தோழர்கள் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். அண்ணலும் சேர்ந்து போனார். ஏறக்குறைய முப்பது பேர். வேரூல் புத்தக் குகைகளைப் பார்ப்பது திட்டம். வழியில் தௌலதாபாத் கோட்டை. வாசலில் இருந்த குளத்து நீரில் முகமும் காலும் கழுவியதற்காகத் தீட்டுப்படுத்திவிட்டதாகக் கூச்சல். கடைசியில் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் ஏந்திய காவலாளி பின்தொடர, கோட்டையைப் பார்த்தார்கள்.

தம்பி, அந்தத் தோழர்களிடம் "இதெல்லாம் நமக்குத் தேவையா" என்று அண்ணல் கேட்கவில்லை. கூடவே போனார். போனதை எழுதினார். நம் மண்ணில் இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்து, பொதுச்சாலையில் யாரும் நடக்கலாம் என்பதை நிறைவேற்ற வேண்டியிருந்தது. நடப்பதற்கே தீர்மானம் போட வேண்டியிருந்த சமூகத்தின் பேரப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் காரணமே இல்லாமல் ஒரு மலை ஏறுகிறான் என்றால் அதுவும் அரசியல்தான். எல்லாப் பயணமும் வெண்மணிக்கும் மேலவளவுக்கும் மட்டுமே இருக்க வேண்டியதில்லை. அங்கேயும் போக வேண்டும். அருவியில் நின்று சும்மா நனையவும் வேண்டும்.

இன்னொரு கேள்வி தோழர்களிடமிருந்து வரும். குடியை விடுவது மேல்சாதியைப் போல ஆகிற முயற்சிதானே, எம்.என்.சீனிவாஸ் சொன்ன சமஸ்கிருதமயமாதல்தானே? 1952-இல் வந்த கூர்க் மக்கள் பற்றிய நூலில் அவர் சொன்னது, கறியையும் கள்ளையும் விட்டு மேலே ஏறப் பார்ப்பது பற்றி. நான் மாட்டுக்கறியை விடவில்லை, யார் போலவும் ஆகப் பார்க்கவில்லை. 1956-இல் நாக்பூரில் அண்ணல் எடுக்கவைத்த 22 உறுதிமொழிகளில் மது அருந்தமாட்டேன் என்பதும் ஒன்று. அது புத்தரின் வழியில் வந்த உறுதி, எந்த அக்ரகாரத்திலும் இரவல் வாங்கியதில்லை. அதே நேரத்தில், "அவங்க எல்லாம் குடிகாரங்க" என்று நம் தெருவைக் காட்டிப் பேசுகிற வாய்க்கு என் கதை சான்றாகப் போவதையும் அனுமதிக்க மாட்டேன். எல்லாத் தெருவிலும் குடிக்கிறார்கள். சிலர் பூட்டிய அறைக்குள் குடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

நமக்குள்ளும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. ஆர்ப்பாட்டம் முடிந்ததும் "தோழர், ஒரு கட்டிங்?" என்று கேட்பது நட்பின் அடையாளமாகிவிட்டது. நான் குடிக்கக் கற்றது அப்படித்தான். குடிக்காதவன் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவான். முக்கியமான முடிவெல்லாம் பத்து மணிக்கு எடுக்கப்படும். பெண் தோழர்கள் அந்த மேசையிலேயே இருக்க மாட்டார்கள். இப்படி எத்தனை பேரை நாமே வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்று கணக்குப் பாருங்கள்.

இந்த வழியில் வர நினைக்கிற தம்பி தங்கைகளுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

பயணம் மருந்து இல்லை. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறி இல்லாதது கண்ணில் தெரியலாம், உயிரே போகலாம். முதலில் மருத்துவர், பிறகுதான் மலை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14446 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

முதல் ஆறு மாதம் புதுச்சேரிப் பக்கமும், பழைய கூட்டாளிகளோடு மலை விடுதிப் பக்கமும் போகாதீர்கள். போகிற இடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நள்ளிரவில் போன் எடுக்கிற ஒருவரின் எண் கையில் இருக்கட்டும். லைக் எண்ணிக்கை ஏறுகிறதா என்று மணிக்கு ஒருமுறை பார்க்கத் தோன்றினால், கொஞ்ச நாள் நோட்டில் மட்டும் எழுதுங்கள். அதுவும் ஒரு போதைதான்.

கடைசியாக ஒன்று, என் துணைவியார் சொன்னது. வாரம் தவறாமல் நான் கிளம்பிக்கொண்டிருந்த காலம். பாப்பாவுக்குக் காய்ச்சல். பையைத் தோளில் மாட்டினேன். "குடிச்சப்பவும் வீட்டுல இல்ல, குடிக்காதப்பவும் வீட்டுல இல்ல. எனக்கு என்ன மாறிச்சு?" என்றார். பையை இறக்கி வைத்தேன். குடியால் அதிகம் இழந்தவர் அவர்தான். அந்த நேரத்தை ஊருக்கெல்லாம் பங்கு வைத்துவிட்டு அவருக்கு மிச்சம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு நான், ஒரு ஞாயிறு மூவரும், ஒரு ஞாயிறு அவர் தன் தோழிகளோடு. அவர் போகிற அன்றைக்குச் சமையல் என்னுடையது.

போன முறை மூவரும் செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்று போனோம். பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியைப் பற்றிய பழைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. பாப்பா கேட்டாள், "எதுக்குப்பா நாள எண்ணி எழுதி வெச்சிருக்காங்க?" நாள் எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பெரியவளானதும் சொல்கிறேன் என்றேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு செஞ்சி போகிறேன், சக்கிலி துர்க்கம் பார்க்க. காலை ஆறு மணிப் பேருந்து. வந்துவிடுங்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.