பொட்டி அப்பாவுக்கு, சாவி எனக்கா?

போன மாசம் ஒரு மதியம். ஆபீஸில் மும்முரமாக ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தபோது அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா போன்.

"ஏல, பிரிண்டர் சேக்கணும்னா நிர்வாகி பாஸ்வேர்ட் கேக்கு. என்னன்னு சொல்லு."

"மீட்டிங்ல இருக்கேம்ப்பா. சாயங்காலம் நானே இங்கேருந்து உள்ள வந்து சேத்துத் தாரேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "பொட்டி எனக்குன்னுதான தந்த? சாவிய மட்டும் நீ புனேல வச்சிக்கிட்டா எப்டி?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சுருக்கென்றது. முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். வீட்டு பீரோ சாவியை அவரிடம் கேட்டு வாங்கி வளர்ந்தவன் நான். என் பழைய லேப்டாப்பில் உபுண்டு போட்டுக் கொடுத்தபோது நிர்வாகி கணக்கை எனக்கு வைத்துக்கொண்டு, அவருக்குச் சாதாரணக் கணக்கு மட்டும் கொடுத்திருந்தேன். தெரியாமல் எதையாவது கெடுத்துவிடுவாரோ என்ற பயம்தான்.

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. லினக்ஸில் 'ரூட்' என்ற பயனருக்கு எதைச் செய்யவும் அனுமதி உண்டு. தப்பாகச் சொன்னாலும் பெரும்பாலும் அப்படியே செய்துவிடும். அதனால்தான் உபுண்டு 2004 அக்டோபரில் வந்த முதல் பதிப்பிலிருந்தே ரூட் கணக்கைப் பூட்டி வைத்து, 'சூடோ'வைக் கையில் கொடுக்கிறது. இது 1980-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பிறந்த நிரல். சூடு என்று உச்சரிப்பதுதான் முறையாம், பொருத்தமான பெயர் :-) நம் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து, அந்த ஒரு வேலையை மட்டும் ரூட்டாகச் செய்துகொள்ளலாம். யார் செய்தது என்பதும் பதிவாகும்.

2008-ல் நானும் சூடு பட்டவன். ஒரு ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்றது. ஒரு வேலைக்காக ரூட்டாக நுழைந்தவன், வெளியே வராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு, எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777-ஐ 'ஈடிசி' ஃபோல்டர் முழுக்கப் போட்டுவிட்டேன். சூடோவின் விதிகள் இருக்கும் கோப்பும் அங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விதிக் கோப்பை நம்பமாட்டேன் என்று சூடோ வேலை செய்ய மறுத்துவிட்டது. ரெகவரி மோடில் நுழைந்து சரி செய்து முடிக்க ராத்திரி இரண்டு மணி ஆனது.

ஆகவே ரூட்டுக்குத் தனிக் கடவுச்சொல் வைத்து, அதிலேயே நாள் முழுக்க உலாவுவது வேண்டாத வேலை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சூடோவையும் அப்பாவிடமிருந்து ஒளித்து வைத்தேனே, அது எதைக் காப்பாற்றியது?

யோசித்துப் பார்த்தால், பெரிதாக ஒன்றுமில்லை. உபுண்டு கெட்டுப்போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பேரப்பிள்ளைகளின் போட்டோ, பென்ஷன் காகிதங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் அவருடைய சாதாரணக் கணக்கில்தான் இருக்கின்றன. அவற்றை அழிக்கவோ திருடவோ ரூட் தேவையே இல்லை. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போனில் மிரட்டிப் பணம் பறிப்பவன் நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்கப்போவதும் இல்லை.

இன்னொன்று. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யாத பொட்டியில், அது கையில் இருப்பவர் அதே ரெகவரி மோடு வழியாக ரூட் ஆகிவிடலாம். அப்பாவுக்கு அது தெரியாது என்பது மட்டும்தான் நான் போட்ட பூட்டு. பாதுகாப்பு என்று நான் பேர் வைத்திருந்தது அவருடைய அறியாமைக்கு.

அன்று சாயங்காலமே செட்டிங்ஸில் அவர் கணக்கை நிர்வாகி ஆக்கினேன். என் கடவுச்சொல்லைத் தரவில்லை, அவருடையதே போதும். மூன்று விஷயம் மட்டும் சொன்னேன். நீங்கள் எதுவும் செய்யாதபோது பெட்டி தோன்றிக் கடவுச்சொல் கேட்டால் ரத்து செய்யுங்கள். போனில் யாராவது 'இதை டைப் பண்ணுங்க' என்றால் போனை வைத்துவிடுங்கள். மாசம் ஒரு தடவை போட்டோ, காகிதங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள்.

"மூணுதானா? நான் பத்து இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

இரண்டே வாரத்தில் எதையோ நீக்கிச் சவுண்டைக் காணாமல் அடித்தார். அரை மணி நேரம் போனில் பேசிப் பேசி இருவருமாகச் சரி செய்தோம். வழக்கமாக 'சாப்ட்டியா, சாப்ட்டேன்' என்று இரண்டு நிமிஷத்தில் வைத்துவிடுகிறவர்கள் நாங்கள்.

ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குப் பொட்டி கொடுத்துவிட்டுச் சாவியை இங்கே வைத்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்கள் எதையாவது கெடுக்கத்தான் செய்வார்கள். நாமும் கெடுத்துத்தானே கற்றுக்கொண்டோம்? கொடுத்துவிடுங்கள்.